மழை பெய்தால் குறையும் ஓடை

எனக்குக் கோபம் கொஞ்சம் கூடத்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லூக்காஸ் அண்ணன் செய்த காரியத்துக்கு, எங்கள் கோயில் மாதாவே சிலையிலிருந்து இறங்கி வந்து நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

நமுனுகுல மலையில் மண் சரிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் போன பிறகு, இருபத்திரண்டு குடும்பங்களை மேலே தகரக் கூரை வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது நாலு வயது. கரண்ட் கேட்டுப் போனால், "தற்காலிக வீட்டுக்கு எப்படியம்மா கரண்ட் தருவது?" என்று ஒரு ஐயா என்னையே திருப்பிக் கேட்டார்.

என் மகள் ஷெரினுக்கு ஆறு வயது. பனி இறங்கினால் மூச்சு இழுக்கும். கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி ஒரு நெபுலைசர் மெஷின் அனுப்பியிருந்தான். மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடுகிற சாமான். கரண்ட் இல்லாத வீட்டில் அது பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு போவேன். அந்தப் பயம் எதிரிக்கும் வரக் கூடாது.

எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் ஓர் ஓடை பாய்கிறது. அதில் சின்ன டர்பைன் ஒன்று வைத்தால் எல்லா வீட்டுக்கும் கரண்ட் வரும் என்று வழி காட்டியவர் ஹுமைத் நானா. பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். கத்தாரில் பதினொரு வருஷம் நேபாளிகளோடு ஒரே அறையில் இருந்ததால் ஹிந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பழக்கத்தில்தான் பிமலா என்ற நேபாளத்து இன்ஜினியர் பெண்ணைப் பிடித்தார். டர்பைன் மெஷின் நேபாளத்துடையது, பணம் நெதர்லாந்துச் சங்கம் ஒன்றுடையது, வாய்க்கால் வெட்டும் முதுகு எங்களுடையது.

பிமலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஓடைத் தண்ணீரைக் குழாயால் ஒரு பெரல் பீப்பாய்க்குள் விட வேண்டும். பத்து செக்கனில் நூற்றைம்பது லீட்டராவது விழ வேண்டும். முப்பது நாள் தினமும் அளந்து அனுப்ப வேண்டும். தண்ணீர் பத்தாவிட்டால் மெஷின் மொனராகலைப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்விடும்.

அளக்க லூக்காஸ் அண்ணனை விட்டால் யார்? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருபத்தாறு வருஷமாகத் தராசு பார்ப்பவர். எங்கள் ஊர்ச் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் நான்தான் கொப்பியை அவர் கையில் கொடுத்தேன். தினமும் அவர் எழுதுவார், நான் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவேன். வாசித்துப் பார்த்தேனா? இல்லை. அவர் எண்ணில் பிழை பார்க்க நான் யார் என்று இருந்துவிட்டேன்.

முப்பதாம் நாள் கழிந்து ஹுமைத் நானா மூச்சு வாங்க மலையேறி வந்தார்.

"தங்கச்சி, காரியம் கெட்டுப் போச்சு. தண்ணி பத்தாதாம். சராசரி நூத்தி முப்பதுதானாம். திங்கக்கிழமை கூட்டம் வச்சு மெஷின மொனராகலைக்கு முடிவு பண்ணப் போறாங்களாம்."

பிரிக்காமல் கிடந்த நெபுலைசர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பிமலா இன்னொன்னும் கேக்குறா," என்றார் நானா. "உங்க ஊர்ல மட்டும் மழை பேஞ்சா ஏன் ஓடையில தண்ணி குறையுதுன்னு."

அளந்து முடிந்து என்னிடம் திரும்பியிருந்த கொப்பியை முதல் தடவையாகப் புரட்டினேன். வெயில் நாளில் நூற்று நாற்பது. கொட்டு கொட்டென்று கொட்டிய நாளில் நூற்றுப் பதினெட்டு. நேரே லூக்காஸ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, மழை நாள்ல எப்புடி தண்ணி குறையும்?"

"மழைன்னா கழிவு கூடுமில்ல."

"என்ன கழிவு?"

"ஈரக் கழிவுதான். வேற என்ன?"

மடுவத்தில் இதுதான் வழக்கம். கொழுந்து ஈரமாக இருக்கிறது என்று இரண்டு கிலோ, சாக்குக்கு என்று ஒரு கிலோ கழிப்பார்கள். மழை நாளில் இன்னும் கூடக் கழிப்பார்கள். எங்கள் பெண்கள் வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றாத நாளில்லை.

"அண்ணே! நீங்க அளந்தது தண்ணி!"

"அதத்தான் நானும் சொல்றேன். கொழுந்துல கொஞ்சந்தான் ஈரம். இது முழுக்க ஈரம். பாவம் நம்ம சனம்னு பாத்து குறைச்சுத்தான் கழிச்சிருக்கேன். பெரலுக்குத் தனியா பத்து."

உள்ளேயிருந்து அவர் மனைவி றீட்டா அக்கா சத்தம் போட்டார்: "வீட்டுல அரிசி அளந்தாலும் சாக்குக்குக் கழிக்கிற மனுசன்! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்!"

"கழிச்சத திருப்பிக் கூட்டிச் சொல்லுங்கண்ணே," என்று கெஞ்சினேன்.

"அதெல்லாம் யாரு எழுதி வைப்பா? கழிச்சா கழிச்சதுதான்."

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கோடரியைக் கீழே வைத்தார். "முழுசா எழுதுனா யாரு தங்கச்சி நம்புவா?" என்றார். "கழிச்சு எழுதுனாத்தான் ஒழுங்கான ஆளுன்னு சொல்லுவாங்க. அப்புடித்தான் எனக்குப் பழக்கினாங்க."

ஹுமைத் நானா போனில் பிமலாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தன் கண்முன்னால் ஒருமுறை அளந்து காட்டும்படி சொன்னாள். சனிக்கிழமை ஷெரினுக்கு மறுபடி இழுத்தது. பதுளைக்குப் போய், திரும்பும்போது வழக்கம்போல பஸ் ஸ்டாண்டில் மீன் வைத்த மாலு பனிஸ் ஒன்று வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன். பத்து நாளாக மழையும் இல்லை. நாளுக்கு நாலு தடவை ஓடையைப் போய்ப் பார்த்தேன்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஊரே ஓடையில் கூடியது. ஹுமைத் நானா சாரத்தை மடித்துக் கட்டி, சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைமேல் ஏறி நின்று போனைப் பிடித்தார். லூக்காஸ் அண்ணன் கிட்டே வரக் கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். தண்ணீர் பத்து செக்கன் விழுந்தது. நான் அளவுகோலை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. நூற்று நாற்பதா, நூற்று எழுபதா? ஒன்றும் பிடிபடவில்லை. வெட்கத்தை விட்டு, "அண்ணே, வாங்க," என்றேன்.

அவர் வந்து குனிந்தார்.

"நூத்தி அறுபத்தாறு," என்றார். உடனே அவர் உதடு தன்பாட்டில் அசைந்தது. "அதுல ஈரத்துக்கு..."

"கழிக்காதீங்க!"

சுற்றி நின்ற இருபது பெண்களும் ஒரே குரலில் கத்தினோம். எத்தனை வருஷத்துக் கத்தல் அது! மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. பாறைமேல் நானா தடுமாறி, போனைக் காப்பாற்றச் செருப்பைத் தண்ணீரில் விட்டார். சண்டை நடக்கிறது என்று பிமலா பயந்துவிட்டாளாம். நானா விஷயத்தை ஹிந்தியில் விளக்க, அவள் சிரித்த சிரிப்பில் ஆளையே திரையில் காணவில்லை. திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஐயாவே இன்னொரு தடவை முழு எண்ணைச் சொல்லட்டும் என்றாள்.

லூக்காஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "நூத்தி அறுபத்தாறு," என்றார். "கழிவு இல்ல."

பத்தொன்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன். அந்த வாயிலிருந்து ஒரு முழு எண்ணை அன்றைக்குத்தான் கேட்டேன். அவரைத் திட்டிய வாயாலேயே, "நல்லா இருங்கண்ணே," என்றேன்.

மூன்றாம் மாதம் மெஷின் வந்தது. ரோட்டிலிருந்து நாற்பது பேர் தோளில் தூக்கினோம். பிமலாவும் எங்களோடு தோள் கொடுத்தாள். நெதர்லாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரர் வாழ்த்துச் சொல்லப் போய் வாய்க்காலில் விழுந்து எழுந்தார். மத்தியான வெயிலிலேயே இருபத்திரண்டு வீட்டிலும் பல்பு எரிந்தது. அணைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மூன்று நாள் கழித்து, சாயங்காலம் பனி இறங்கி ஷெரினுக்கு இழுத்தது. பெட்டியைப் பிரித்து நெபுலைசரை மாட்டினேன். புர்ரென்று ஓடியது. கால் மணி நேரத்தில் மூச்சு சீராகி, என் மடியில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, பதுளைக்குப் போகலயா?"

"இல்லடி தங்கம். இனி போகவே வேணாம்."

"அப்ப பஸ் ஸ்டாண்டுல மாலு பனிஸ்?"

"அதுவும் இல்ல."

உடனே பனிஸுக்காக ஓவென்று அழத் தொடங்கினாள். நடுவில் ஓர் இழுப்பு இல்லை, இருமல் இல்லை. என் பிள்ளையால் அவ்வளவு சத்தமாக அழ முடியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. "அழுடி ராசாத்தி, நல்லா அழு," என்று சொல்லிக்கொண்டு நானும் அழுதேன்.