மணல்மேட்டுக் கிராணி

"கிராணி முட்டை போடுமா, குட்டி போடுமா?" என்று சாத்தப்பன் சார் ஒருமுறை என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. ஈப்போ பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டங்களில் கிராணி என்றால் கணக்கு எழுதுகிறவர், வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிறவர். சார் காரைக்குடியிலிருந்து வந்தவர். அவர் காதில் அது ஏதோ பிராணியைப் போல விழுந்திருக்கிறது.

எல்லாம் பக்கத்து ஊரான லகாட்டில் சின்னதாக ஒட்டுக்கடை வைத்திருக்கும் பாப்பா அக்காவால் வந்தது.

"அந்த மணல்மேட்டுப் பக்கம் போவாதீங்க சார். அங்க ஒரு கிராணி இருக்கு. ஆளப் பாத்தா சீறும் லா."

அக்காவுக்குப் பழைய கோபம். அக்கா வேலை செய்த தோட்டத்தில் கிராணியாக இருந்த காலத்தில் கார்த்திகேசு ஐயா அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் வருகை, போட்டுப் போட்டே பாதிச் சம்பளத்தை முடித்தவர். தோட்டம் மூடிய பிறகு பழைய ஈயச் சுரங்கம் கொட்டிய மணல்மேட்டில் தகரக் கொட்டகை போட்டுத் தனியாக இருக்கிறார். அது தெரியாத சார், 'உள்ளூர்ப் பெயர் கிராணி. சீறும்' என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன்.

சார் வறண்ட நிலத்து உயிர்களை ஆராய்கிறவர். சிம்பாங் பூலாயிலிருந்து பத்து காஜா என்ற ஊர் வரை கிடக்கும் வெள்ளை மணலைக் கைப்பேசிப் படத்தில் பார்த்து, பாலைவனம் என்று முடிவு செய்துகொண்டு வந்தவர். வந்த நாளிலிருந்து மழை. ஒரு கையில் குடை, மறு கையில் தொலைநோக்கி. லாலாங் புல்லையும் அக்கேசியா மரங்களையும் ஓர் உடும்பையும் எழுதச் சொன்னார். குட்டையில் நீர்நாய் எட்டிப் பார்த்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது வேண்டாம் என்றார்.

அவர் சொல்வதை எழுதுவதுதான் என் வேலை. மூன்றாம் படிவ வகுப்போடு பள்ளியை விட்டு, ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வரிசை எண்களைக் கூவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கூவ வராது, சோறு ஆறிப்போகும். இந்த வேலையில் வாயே திறக்க வேண்டாம். ஆனால் மணலில் மட்டுமே வாழும் ஓர் உயிர் கிடைத்தால்தான் தங்குவேன், இல்லாவிட்டால் நாளைக்கே விமானம் என்று சார் சொல்லியிருந்தார். அதனால்தான் முட்டையா குட்டியா என்று கேட்டபோது சும்மா இருந்தேன்.

சார் மணல்மேட்டில் ஒரு கருவாட்டைக் கட்டினார். ஓரங்களில் ஈயக்குண்டு கோத்த வலையை அதற்கு மேலே தொங்கவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு லாலாங் புல்லுக்குள் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். கொட்டகைப் பக்கமிருந்து இருமல் கேட்டது.

"கத்துது," என்று கிசுகிசுத்தார். 'குரல், இருமலைப் போன்றது' என்று எழுதினேன்.

புல் விலகியது. வெள்ளை அரைக்கால்சட்டை எனக்குத் தெரிந்தது. சாரின் கண்ணாடியோ மழையில் மங்கிக் கிடந்தது. கயிறு இறுகியது.

"இழுக்காதீங்க சார்," என்றேன். "கிராணின்னா மனுசன்."

அப்படி ஒரு குரல் சாப்பாட்டுக் கடையில் வந்திருந்தால் ஒருவர் சோறும் ஆறியிருக்காது.

கார்த்திகேசு ஐயா கருவாட்டை அவிழ்த்து முகர்ந்தார். பிறகு எங்களைக் குனிந்து பார்த்தார்.

"வேலை நேரத்தில புல்லுக்க படுக்கையோ? ரெண்டு பேருக்கும் இண்டைக்கு அரைப்பேர்தான்."

சார் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"ஐயா, நீங்க இந்த மணல்ல மட்டும்தான் வாழுறீங்களா?"

அவர் குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது. எனக்கும் வந்துவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் ஐயா என்று வேண்டிக்கொண்டே பேனாவைத் திறந்தேன்.

"சீச்சீ. சனி ஞாயிறு ஈப்போவில மகள் வீட்டில. அங்க குளுகுளு எண்டு ஏர்கோன் இருக்கு."

சார் வலையைச் சுருட்டினார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடி, தன் சட்டைப்பையில் செருகினார். குடையை விரித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என்னை ஏற்றாமலே வண்டி கிளம்பிவிட்டது.