அமலராணி குதிரையைக் கொடுத்த ஆட்டம்

கடைசிச் சுற்றுக்கான ஜோடிகளை நடுவர் இராஜமாணிக்கம் மைக்கில் வாசித்தார்.

"முதல் மேஜை: அமலராணி, சாவியோ."

விருத்தாசலம் பங்குக் கோயில் மண்டபமே சிரித்தது. இருவரும் புருஷன் பெண்டாட்டி. ஒரே பீங்கான் பட்டறையில் அவன் சூளையைப் பார்த்துக்கொள்கிறான், அவள் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறாள். அந்த 2006-ஆம் வருஷத்துச் சதுரங்கப் போட்டியில் அதுவரை இருவருமே தோற்கவில்லை.

"டிரா பண்ணிக்குவாங்க பாரு," என்றார் யாரோ.

சாவியோவும் அதைத்தான் நினைத்திருந்தான். கல்யாணமானதிலிருந்து சாயங்காலங்களில் ஆடுகிறார்கள். எப்போதும் அவன்தான் ஜெயிப்பான். வீட்டில் அவளுக்கு ஒரு கண் அடுப்பில் இருக்கும். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கும். இங்கே அடுப்பில்லை, கூப்பிட ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததுமே அந்தச் சுகம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

வெள்ளை அவளுக்கு. ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை நகர்த்தினாள். அவனும் அப்படியே நகர்த்திவிட்டு, "டிரா வச்சுக்கலாமா?" என்று கிசுகிசுத்தான்.

அவள் பதிலுக்குப் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளி வெட்டுக்கு வைத்தாள். கிங்ஸ் கேம்பிட். தன் ராஜாவின் வாசலைத் தானே திறந்துவிட்டு அடிக்கக் கிளம்பும் ஆட்டம். நூலகப் புத்தகத்தில் படித்து வெகுநாளாய் ஆடிப்பார்க்க ஆசைப்பட்டிருந்தாள்.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்ட?"

"பேசாதீங்க, நடுவரு பாக்குறாரு."

அவன் வெட்டினான். பிறகு ஒரு சிப்பாயால் அவள் குதிரையை மிரட்டினான். அவள் குதிரையைக் காப்பாற்றவில்லை, ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கிக் கோட்டை கட்டிக்கொண்டாள். குதிரை போனது. பின்னாலேயே ஒரு மந்திரியையும் கொடுத்து, அவன் ராஜாவை வெட்டவெளிக்கு இழுத்துவந்தாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

அங்கே அவளுக்கு வழி தெரியவில்லை. புத்தகத்தில் படித்தது முடிந்துபோயிருந்தது. அடி பிசகினால் இரண்டு காய் குறைவோடு தோல்விதான். ராணியைப் பார்த்தாள், யானையைப் பார்த்தாள். கடைசியில், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு மந்திரியை மெதுவாக வெளியே கொண்டுவந்தாள்.

சாவியோ குனிந்து வெகுநேரம் தேடினான். ராஜா எந்தப் பக்கம் ஓடினாலும் செக்மேட்தான். திடீரென்று வாய்விட்டுச் சிரித்து, தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைப் படுக்கவைத்தான். நடுவர் அதட்டியும் சிரிப்பு நிற்கவில்லை.

ஊர் திரும்பும் மங்கலம்பேட்டை பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சாவியோதான்.

"எம் பொண்டாட்டி ஜெயிச்சது," என்றான் டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம்.

"யாரைங்க ஜெயிச்சாங்க?"

"என்னைத்தாங்க! குதிரையைக் குடுத்து ஏமாத்திட்டா."

"ஏமாத்தலை, நீங்கதான் ஆசைப்பட்டீங்க," என்றாள் அமலராணி. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அவளும் சிரித்தாள்.