ரோஸ் நிறக் காக்கா

ஊசி டீச்சர் ஓய்வு பெறப்போகும் சேதி பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைக்கு வருவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. முப்பத்தோரு வருடமாக அவர் விரலைப் பார்த்தே அன்றைய பாடத்தைச் சொல்லிவிடும் தெரு அது. விரல் நீலமாக இருந்தால் துணியைச் சாயத்தில் முக்கியெடுத்த நாள். நகக்கண்ணில் சிவப்பு என்றால் உருளைக்கிழங்கை வெட்டி அச்சுப் போட்ட நாள். எந்தச் சாயமும் இல்லாமல் முகம் மட்டும் சிவந்திருந்தால், கணக்கு டீச்சர் மறுபடியும் ஓவிய வகுப்பைக் கடன் வாங்கிவிட்டார் என்று அர்த்தம்.

பெயர் என்னவோ அழகான பெயர்தான். ஆனால் இதுவரை வேலை பார்த்த மூன்று பள்ளிக்கூடங்களிலும் ஓவியமும் தையலும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து, கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ ஊசிப்பெட்டி இருக்கும் என்று ஆகிப்போனதில், ஊசி டீச்சர் என்றால்தான் தபால்காரருக்கே புரியும்.

தெருவுக்கு அவர் மீது ஒரே ஒரு குறைதான். ஒரே மகள், பல் டாக்டர், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறாள். அவளுக்குச் சட்டைப் பொத்தான் அறுந்தால் கடையில் கொடுத்துத்தான் தைத்து வாங்குவாள். அதுவும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கும்போது, அம்மாவைத் தாண்டிக்கொண்டு, தெருமுனைத் தையற்காரரிடம் போவாள். அந்த ஒற்றைப் பொத்தானைத் தைக்கத் தையற்காரருக்கு இரண்டு நிமிடம் ஆனது. அதைப் பற்றிப் பேசி முடிக்கத் தெருவுக்கு ஆறு மாதம் ஆனது.

"விழாவுக்குப் பொண்ணு வருவாளா டீச்சர்?" என்று எதிர்வீட்டுக்காரி மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள். கேட்பதற்காகவே ஈரம் பிழிந்த துணியை இரண்டாம் முறை பிழிந்தாள்.

"வருவா, வராம என்ன?" என்றார் டீச்சர்.

முதல் நாள் தொலைபேசியில் மகள் சொன்னது, "பார்க்கலாம்மா." பல் டாக்டர்கள் 'வலிக்காது' என்று சொல்வது எப்படியோ, மகள் 'பார்க்கலாம்' என்பதும் அப்படி. டீச்சருக்கு அது தெரியும். மாலையும் வேண்டாம், மேடையும் வேண்டாம், அவள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது அவருக்கு. அதை வாய்விட்டுக் கேட்கத்தான் வரவில்லை.

தலைமையாசிரியை டீச்சரைவிடப் பத்து வயது சின்னவர், ஒருகாலத்துக் கணக்கு டீச்சர். வகுப்பைக் கடன் வாங்கிய பாவத்தைக் கழிக்கவோ என்னவோ, விழாவை அமர்க்களப்படுத்திவிட வேண்டும் என்று நின்றார்.

"உங்க புள்ளைங்க பரிசு வாங்கின துணி எல்லாத்தையும் ஹால்ல மாட்டிடலாம் டீச்சர். அந்தக் கிளி நடுவுல இருக்கட்டும்."

கிளி என்றால் பச்சைக்கிளி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் எல்லாப் பள்ளிகளுக்குமான போட்டியில் முதல் பரிசு வாங்கி, தலைமையாசிரியை அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கீழே அட்டையில் மகள் பெயர், ஏழாம் வகுப்பு.

சனிக்கிழமை டீச்சர் துணிகளை இஸ்திரி போட உட்கார்ந்தார். துணைக்கு வீட்டுக்காரர் வந்தார். கடிகாரம் பழுதுபார்த்து ஓய்ந்தவர். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் டீச்சர் திரும்பி நடக்கும்வரை வாயைத் திறக்கவில்லை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

பள்ளிக்கூடத்துத் தையல் அறை என்பது பழைய சைக்கிள் கொட்டகை. சுவரில் டயர் உரசிய கறுப்புக் கோடுகள் இன்னும் இருந்தன. பூவேலை செய்த துணியை நேராக வைத்துத் தேய்த்தால் நூல் நசுங்கிவிடும். அதனால் தடித்த துண்டின் மேல் குப்புறப் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். நாற்பத்து மூன்று துணிகளும் நீள மேசையில் வரிசையாகக் குப்புறக் கிடந்தன.

கடிகாரக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனவர் பாதியில் நின்றார்.

"டீச்சரம்மா, இதெல்லாம் எத்தனை புள்ளைங்க போட்டது?"

"நாப்பத்தி மூணு துணி, நாப்பத்தி மூணு புள்ளைங்க. ஏங்க?"

"எல்லாப் புள்ளையும் நூலை முடிக்கும்போது இடது பக்கமா ரெண்டு சுத்து சுத்தி உள்ள சொருகியிருக்கே. நீ சொல்லிக் குடுத்தியா?"

டீச்சர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது சாதாரண முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றிச் சொருகுவது அவருடைய பழக்கம். அவருடையது மட்டும்.

"முடிச்சுப் போடத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப சரி" என்று அவர் மறுபடி தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். அந்த மனுஷர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டு மனசை ஆற்றியிருக்கலாம்.

தெருவுக்கு இது அரைகுறையாகத் தெரிந்த விஷயம்தான். ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் டீச்சர் துணிப்பை நிறையப் பிள்ளைகளின் தையலை வீட்டுக்குக் கொண்டுவருவார். விளக்கடியில் உட்கார்ந்து பிரிப்பார், மறுபடி போடுவார். வெளி ஆர்டர் எடுக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரி அந்தக் காலத்தில் பரப்பிவிட்டதும் உண்டு. வருடத்தில் அந்தக் கண்காட்சி நாள் ஒன்றில்தான் கொட்டகைப் பக்கம் மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கோணல்மாணலாக இருந்தால் வாரத்தில் இருக்கிற இரண்டு வகுப்பும் கணக்குக்குப் போய்விடும் என்பது டீச்சரின் பயம். முதல் வருடம் ஒரு பூவின் காம்பை மட்டும் சரிசெய்தார். அடுத்த வருடம் பூவை. அதற்கப்புறம் பிள்ளைகள் போட்டதில் துணி மட்டுமே மிஞ்சியது.

தலைமையாசிரியை அறையிலிருந்து வந்திருந்த கிளியை அவர் சட்டத்திலிருந்து எடுத்துத் திருப்பினார். இடது பக்கம், இரண்டு சுற்று.

பிள்ளைகள் கைபட்டது ஒன்றாவது இருக்காதா என்று தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு பிள்ளையும் முதலில் ஒரு பழகுதுணியில் போட்டுப் பார்க்கும். அந்தத் துணிகள் எங்கே? கை கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்தன. தூரிகை துடைக்க, சிந்திய சாயத்தை ஒற்ற என்று வருடா வருடம் அவரே வெட்டிப் போட்டவை. விறைத்து அப்பளமாகிக் கிடந்த அவற்றில் எந்தத் தையலும் தெரியவில்லை.

திரும்பி வந்து இஸ்திரிப்பெட்டியை எடுக்கப் போனவர், கையை அந்தரத்தில் நிறுத்தினார். கைப்பிடி விரிசல் விட்ட பழைய பெட்டி. சூடு ஏறினால் பிடிக்க, எட்டாக மடித்து ஓரம் தைத்த ஒரு துணித் திண்டு வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக வைத்திருந்தார்.

அதைப் பிரிக்கக் கத்தரிக்கோலைக் கால் மணி நேரம் தேடினார். அது அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வெளி மடிப்பு கருகிப் பழுப்பாகியிருந்தது. உள்ளே வெளிச்சம் படாத மடிப்பில், நேற்றுப் போட்டதுபோல ஒரு காக்கா. ரோஸ் நிறத்தில்.

"வெயில் பட்டா காக்கா ரோஸாத் தெரியுது டீச்சர்" என்றாள் அன்றைக்குப் பன்னிரண்டு வயதில் இருந்த மகள். வகுப்பில் அவளும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"காக்கா எங்கேயாவது ரோஸ் கலர்ல இருக்குமா? இதைப் பார்த்தா என்னைத்தான் சிரிப்பாங்க. கிளி போடு."

கிளி போட்டாள். அது பழைய செருப்பு மாதிரி வந்திருந்தது. அன்று மாலை டீச்சர் வீட்டில் அதைப் பிரித்தபோது, படிக்கிற மேசையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அது என்னோடது."

"உன்னோடதுதாண்டி. கொஞ்சம் சரி பண்றேன், அவ்வளவுதான்."

பரிசு கொடுத்தவர் மேடையில் குனிந்து கேட்டார், "இறக்கைக்கு என்ன தையல்மா போட்டே?" பிள்ளை கூட்டத்தில் அம்மாவைத் தேடியது. அம்மா சத்தம் வராமல் உதட்டை அசைத்தார்: சாட்டின். "சாட்டின்" என்றது பிள்ளை. ஹாலே கைதட்டியது, அம்மாவும் தட்டினார். அன்றிலிருந்து அவள் ஊசியைத் தொடவில்லை. பிடிவாதக்காரி என்று தெருவெல்லாம் சொல்லிவந்தது டீச்சரே.

விழா நாளன்று ஹாலின் நடுச்சுவரைப் பார்த்துத் தலைமையாசிரியை திகைத்தார். "டீச்சர், கிளி எங்க?"

"பறந்துடுச்சு."

"அந்த இடத்துல என்ன இது, கருகின துணி?"

"ஏழாம் வகுப்பு. காக்கா."

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் டீச்சர் எழுந்தார். அப்போது மூன்றாவது வரிசையில், பழைய மாணவி ஒருத்தி மடியில் இருந்த குழந்தைக்குச் சுவரைக் காட்டி, "அதோ பாரு, அந்த மீன் இருக்கே, அது அம்மா போட்டது" என்றாள். குழந்தை வாயைப் பிளந்து மீனைப் பார்த்தது. டீச்சர் எல்லோருக்கும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். இருபது வருடம் தன்னுடையது என்று அவள் மனசில் வைத்திருந்ததை எப்படிப் பிரிப்பது?

நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் நேரத்தில்தான் மகள் வந்தாள். அம்மாவுக்குத் தலையாட்டிவிட்டு நேராக நடுச்சுவருக்குப் போனாள்.

"கிளி எங்கம்மா?"

"கழட்டிட்டேன். அது உன்னோடது இல்லையே."

மகள் திரும்பிப் பார்த்தாள். "இதைச் சொல்ல இருபத்திரண்டு வருஷம் ஆச்சா?"

"ஆச்சு."

"இது ஏன் இப்படிக் கருகியிருக்கு?"

"இஸ்திரிப்பெட்டி பிடிக்க வச்சிருந்தேன்."

"அடப்பாவி அம்மா!" மகள் சிரித்துவிட்டாள். "என் காக்காவைப் பிடிச்சுக்கிட்டா ஊரார் துணியெல்லாம் தேய்ச்சே?"

டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. மகள் நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோலத் துணியின் மேல் குனிந்தாள்.

"கண்ணு போடல."

"நான்தான் போட விடல. மணி அடிச்சதும் வாங்கி வச்சுட்டேன்." சொல்லும்போதே ஊசிப்பெட்டி திறந்துவிட்டது. கறுப்பு நூல் கோத்தாகிவிட்டது. "இப்பப் போடேன். சின்னதா ஒரு முடிச்சு, அவ்வளவுதான். நூலை ஊசியில ரெண்டு சுத்து சுத்தி, இதோ, இந்த இடத்துல..."

ஊசி துணிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. மகள் ஊசியைப் பார்க்கவில்லை, அது இருந்த கையைப் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றாள்.

டீச்சர் கையை இழுத்துக்கொண்டார். இழுத்து என்ன பயன்.

"ஒரு நாளைக்கு நாலு வாய் தைக்கிறேம்மா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. இந்தப் பல்லை இனிக் காப்பாற்ற முடியாது என்று சொல்கிற அதே மெதுவான குரல். "இதுவரைக்கும் யாரும் பிரிச்சுப் போட்டதில்ல."

"அப்ப, போட மாட்டியா?"

"பார்க்கலாம்மா."

இப்போது காக்கா டீச்சர் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிரே தொங்குகிறது. வந்தவர்கள் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதற்குக் கண் இல்லாததுதான். எதிர்வீட்டுக்காரி இதற்கென்றே நாலு தடவை வந்துவிட்டாள்.

"நீங்களே ஒரு கண்ணு போட்டுட்டா என்ன டீச்சர்? உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை."

"அது என் வேலை இல்லீங்க."

சட்டத்தின் மூலையில் கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்று சொருகியிருக்கிறது. மாதம் ஒருமுறை மகள் வருகிறாள். அதற்குக் கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறாள், பேசுகிறாள், போகிறாள். ஊசியைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. டீச்சர் நூலை மட்டும் இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறார். ஜன்னல் வெயிலில் கறுப்பு வெளுத்துவிடுகிறது.