முதல் இடம்

விடியுமுன் பினாங்கு ஆயர் ஈத்தாமில் முதல் பஸ் பிடித்து, பசியாறாமல் கணினி முன் உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் கழுத்து மரத்துப்போகும். இது என்ன வேலை என்று அம்மாவுக்கு விளக்க எனக்கு இன்னும் வரவில்லை. யாராவது கூகலில் "பல் டாக்டர்" என்று தட்டினால் எங்கள் வாடிக்கையாளரின் பக்கம் முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்காகப் பக்கத்தின் தலைப்பை எழுதி எழுதி அழிப்போம். பிறகு வேறு தளங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்புப் போடுவோம். நல்லவன் என்று நாலு பேர் சொன்னால் ஊர் நம்புமே, அந்தக் கதைதான்.

சொல்ல நாலு பேர் இல்லையென்றால்? நாங்களே உண்டாக்குவோம். பூனை வளர்ப்பு, மீன் தொட்டி, சமையல் என்று ஐம்பது தளங்கள். எல்லாம் எங்கள் ஐந்து பேரின் பெயரிலும் ஐசி அடையாள அட்டை எண்ணிலும் பதிவானவை. "கம்பெனி பேர்ல போட்டா கூகல் மோப்பம் பிடிச்சிடும் லா" என்றார் முதலாளி கோகிலன். சொந்தப் பெயரை இரவல் கொடுத்தோம். அறிவுகெட்ட ஜென்மங்கள்!

அன்று காலை நான்தான் முதலில் தேடிப் பார்த்தேன். எங்கள் வாடிக்கையாளரின் பல் கிளினிக் முதல் பக்கத்தில் இல்லை. பத்துப் பக்கம் தள்ளியும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். போன வாரம் ஐம்பது தளங்களிலும் ஒரே நாளில் இணைப்புப் போட்டவள் நான். "பினாங்கின் நம்பர் ஒன் பல் டாக்டர்" என்று எழுத்துப் பிசகாமல் ஒரே வாசகம். பூனையைக் குளிப்பாட்டுவது எப்படி என்ற கட்டுரைக்கு நடுவிலும் அதே. ஒவ்வொன்றையும் மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் கூகல் கண்டுபிடித்துத் தூக்கி எறிந்துவிடும். "நேரமில்ல, அப்படியே ஒட்டு" என்றார் கோகிலன். ஒட்டினேன்.

எட்டரைக்குக் கோகிலன் ஒரு கடிதத்தோடு வந்து, நேரே ஜெகதீஸ்வரி அக்காவின் மேசைக்குப் போனார். அக்கா தினமும் தூரத்து ஊரான நிபோங் திபாலிலிருந்து வருபவர். இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கிறவர்.

"அக்கா, இதுல ஒரு சைன் போடுங்க. சும்மா ஃபார்மாலிட்டி லா."

அக்கா வாய்விட்டுப் படித்தார். "கம்பெனிக்குத் தெரியாமல், என் சொந்த முடிவில், போலித் தளங்கள் நடத்தினேன்... பாஸ், நான் எங்க நடத்துனேன்?"

"தளம் உங்க பேர்லதானே இருக்கு? கிளினிக்காரங்க தளம் யாருதுன்னு தேடுனப்போ முதல்ல உங்க பேர்தான் வந்திருக்கு. போலீஸ் ரிப்போர்ட் பண்ணுவேங்கிறாங்க. சைன் போட்டா நான் பேசி முடிச்சிடுவேன். இல்லன்னா வேலையும் போச்சு, கேஸும் உங்க மேலதான்."

"எனக்குச் சின்னப் பிள்ளைங்க, பாஸ்."

"நாம ஒரே குடும்பம்க்கா. குடும்பத்துல ஒருத்தர் தாங்கிக்கிறதில்லையா?"

குடும்பமாம்! எதிர்மேசை ஃபிக்ரி காய்ச்சலோடு எம்சி மருத்துவ விடுப்பு கேட்டபோது இந்தக் குடும்பம் எங்கே போயிருந்தது?

ஆனால் என் வாய் திறக்கவில்லை. திறந்தால் நான் மாட்டுவேன்; திறக்காவிட்டால் அக்கா மாட்டுவார். அக்கா பேனாவை எடுத்தபோதுதான் என்னையறியாமல் எழுந்தேன்.

"போடாதீங்கக்கா! லிங்க் போட்டது நான். பாஸ் சொல்லித்தான் போட்டேன்."

கோகிலன் சிரித்தார். "நான் சொன்னேனா? எழுத்துல இருக்கா? சரி லோகேஸ்வரி, அப்போ நீயே சைன் போடு."

"எழுத்துல இல்ல, பாஸ்" என்று ஃபிக்ரி எழுந்தான். "ஆனா அஞ்சு பேரும் காதால கேட்டோம்."

மற்ற இரண்டு பெண்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"பன்னண்டு மணிக்குள்ள சைன் வரணும்" என்று சொல்லிக் கோகிலன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் வேறொரு கடிதம் எழுதினோம். எங்கள் பெயரில் பதியச் சொன்னவர் யார், ஒட்டச் சொன்னவர் யார், எல்லாம் நடந்தது நடந்தபடி. கிளினிக்குக்கு ஒரு நகல், லேபர் ஆபீசுக்கு ஒரு நகல். எழுதி முடித்ததும் பேனா மேசையில் கிடந்தது, ஒருவரும் தொடவில்லை.

"முதல் பேர் யாருதோ அவங்களைத்தான் பிடிப்பாங்க" என்றாள் அழுதவள்.

ஃபிக்ரி சொன்னான்: "தினமும் ஒருத்தரை முதல் இடத்துல நிறுத்துறதுதான் நம்ம பொழப்பு. இன்னைக்கு அந்த இடம் யாருக்கும் வேணாம்க்கா."

அக்கா தன் காலிக் காப்பிக் கோப்பையைத் தாளின் மேல் கவிழ்த்து, அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார். அந்த வட்டத்தைச் சுற்றி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். தாளைத் திருப்பித் திருப்பிப் போட்டதில் என் எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

பன்னிரண்டுக்கு நகலைக் கொண்டுபோய்க் கோகிலன் மேசையில் வைத்தோம். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாரு முதல்ல போட்டது?"

கடிதத்தை எடுத்துக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் படியிறங்கினோம். நாளை வேலை இருக்குமா, போலீஸ் வருமா, ஒன்றும் தெரியாது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். படி இறங்கி முடித்தும் விடவில்லை.