தோற்றவரின் வண்டி

சிங்ஹாய் பன்னிரண்டு வருஷமாக அந்த ஊருக்குத் தலைவர். தைவானின் பெங்ஹு தீவில் வீசும் வாடைக்காற்றிலும் அவர் குரல் துறைமுகம் வரை கேட்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் அவர் தொண்டை கிழியச் சொல்வது ஒன்றுதான்: ஓட்டுச்சீட்டு வாங்கியதற்கு மட்டும், கையெழுத்துக்குப் பதிலாக, உங்கள் பெயர் முத்திரையைக் குத்துங்கள், ஓட்டுப்போட மறைப்புக்குள் வைத்திருக்கும் முத்திரையை எடுங்கள், மாற்றிக் குத்தினால் ஓட்டு செல்லாது.

தேர்தல் நடந்த சனிக்கிழமை அவரே மாற்றிக் குத்திவிட்டார். நான்காவது தடவையும் நாம்தான் என்ற மிதப்பு, வேறென்ன.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஊரே பார்க்க, சீட்டுகளை ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டி எண்ணினார்கள். அதில் ஒன்றில் சிங்ஹாயின் முழுப் பெயரும் சிவப்பாக இருந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில், எதிர்த்து நின்ற கணவாய் மீன் உலர்த்தும் யூலானுக்கு நூற்று அறுபத்திரண்டு, அவருக்கு நூற்று அறுபத்தொன்று. அந்த ஒன்றும் சேர்ந்திருந்தால் சமமாகிக் குலுக்கல் போட்டிருப்பார்கள்.

மறுநாள் காலையில் ஜெயித்தவரும் தோற்றவரும் ஆளுக்கொரு வண்டியில் ஊரைச் சுற்றி நன்றி சொல்வது வழக்கம். மைத்துனன் ஆ-தியன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியும் சிங்ஹாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கோர்ட்டுக்குப் போலாம் மாமா. சீட்டுல உங்க பேரே இருக்கு. யாருக்குப் போட்டீங்கன்னு பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும்."

"பேரு இருக்கக் கூடாதுன்னுதானேடா சட்டம்."

"சும்மா ஒரு வருஷம் இழுத்தடிக்கலாம்ல?"

சிங்ஹாய்க்கு அந்த யோசனை இனிக்கத்தான் செய்தது. ஒரு வருஷம் யூலானைத் தூங்கவிடாமல் அடிக்கலாமே.

அப்போது இதைக் கேட்டுக்கொண்டே கின் திடா கைபேசியோடு உள்ளே வந்தாள். இந்த ஊர்ப் படகுக்காரனைக் கட்டிக்கொண்டு பர்மாவிலிருந்து வந்தவள். அங்கே வாத்தியாராக இருந்தபோது அவளும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணியிருக்கிறாள். மூன்று மாதத்துக்குள் ராணுவம் வந்து அந்தத் தேர்தலே செல்லாது என்றுவிட்டது.

"நேத்து எண்ணினதை, பர்மாவுல எங்கூட வேலை பாத்த வாத்தியாருங்களுக்கு போன்ல காட்டினேன் அண்ணே."

"என் முத்திரையையுமா?"

"அதைத்தான் ரெண்டு தடவை காட்டச் சொன்னாங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

சிங்ஹாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. ஜெயிச்சவங்களை எல்லா ஊர்லயும் பாத்தாச்சாம். தோத்தவரு மறுநாள் என்ன பண்றாருன்னு காட்டச் சொல்றாங்க. கேஸ் போட யோசிச்சிட்டு ஒக்காந்திருக்காருன்னு காட்டட்டுமா?"

சுருக்கென்று தைத்தது. எங்கோ கதவைச் சாத்திக்கொண்டு நாலு வாத்தியார்கள் இந்தத் துக்கடா ஊரின் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தோற்றவன் எங்கேயும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதுதானே அங்கே ஆட்சியைப் பிடித்த துப்பாக்கிக்காரர்களின் பேச்சு? அதற்கு நானா சாட்சி? அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"வண்டிய எடுடா," என்றார்.

மேலே ஏறி நின்று ஒலிபெருக்கியைப் பிடித்ததும் பழைய குரல் வந்துவிட்டது. "என் ஓட்டை நானே கெடுத்துக்கிட்டேன். நீங்க நூத்து அறுபத்தோரு பேரு ஒழுங்காக் குத்தினீங்க, நன்றி. எனக்குப் போடாதவங்களுக்கும் நன்றி. நீங்களும் என்னைவிட ஒழுங்காத்தான் குத்தியிருக்கீங்க."

கதவுகள் திறந்தன. சிரித்தவர்களே கைதட்டினார்கள். கின் திடா வண்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கைபேசியில் காட்டிக்கொண்டே வந்தாள்.

பவளக்கல் சுவர்களுக்கு நடுவே, ஒரே ஒரு வண்டி போகக்கூடிய சந்தில், எதிரே யூலானின் வண்டி வந்து நின்றது.

"அண்ணே, பின்னாடி எடுங்க. ஜெயிச்ச வண்டி வருதுல்ல," என்று யூலான் ஒலிபெருக்கியில் சீண்டினாள்.

"பதவி ஏத்துக்கிட்டு வாம்மா. அதுவரைக்கும் நான்தான் தலைவரு."

சந்து முழுக்கச் சிரிப்பு. யூலானும் சிரித்துவிட்டு, ஓட்டுநர் அறையின் கூரையில் தட்டினாள். அவள் வண்டி மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது.

கின் திடா கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டாள். திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டுல ஜெயிச்சவங்க வண்டி எதுன்னு கேக்கறாங்க அண்ணே. அவங்களுக்குக் கண்டுபிடிக்க முடியலையாம்."

"பின்னால போகுதே, அதுதான்னு சொல்லும்மா," என்றார் சிங்ஹாய்.