எழுநூற்றைம்பது வாட் பொய்

வாருங்கள், கணினிக் கடையொன்றின் கண்ணாடி மேசைமேல் பட்டப்பகலில் அரங்கேறும் பொய்யைப் பாருங்கள்! மின்தூக்கி பழுதுபார்க்கும் அக்கா, புதிய கேமிங் கணினி கட்டும் தம்பிக்காகப் பவர் சப்ளை வாங்க வந்திருக்கிறாள். சென்ற ஆண்டு மட்டமான ஒன்று புகைந்து, அவனுடைய பழைய கணினியையே கரியாக்கிவிட்டது. இம்முறையும் ஏமாந்துவிடக் கூடாது என்பதே அவள் கவலை.

“எழுநூத்தம்பது வாட், மேடம். தூக்கிப் பாருங்க, என்ன கனம்!” என்றார் கடைக்காரர்.

“எடை போட்டு வாங்க இதென்ன பழைய பேப்பரா?” என்ற அக்கா, அதைக் கவிழ்த்து அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். கணினிக்குப் பெரும்பங்கு மின்சாரம் தரும் பன்னிரண்டு வோல்ட் இணைப்பில் இருபத்தைந்து ஆம்பியர்தான் இருந்தது. மனத்துக்குள் பெருக்கி, “முந்நூறு வாட்தான் வருது” என்றாள்.

“கிராபிக்ஸ் கார்டுக்கே அது பத்தாதேக்கா!” என்று தம்பி பதறினான்.

“மிச்சமெல்லாம் எங்கண்ணே? ஸ்டிக்கர்லயா ஓடுது?” என்று அக்கா கடைக்காரரைக் கேட்டாள்.

“எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க. யாரும்மா திருப்பிப் பாக்குறா?” என்று அவர் முணுமுணுத்தார்.

அக்கா அதன் அடிப்பக்கம் எல்லார் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைத்துவிட்டு, தம்பியோடு அடுத்த கடைக்கு நடந்தாள்.

யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்ற துணிவில்தான் இந்தப் பொய் விலைபோகிறது. ஆகவே திருப்புங்கள்! ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள்! கணக்கு உதைத்தால், கடை முழுதும் கேட்க உரக்கச் சொல்லுங்கள்!