சாப்பாட்டு டோக்கன்

பொழுது விடியுமுன்பே கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையோரம் அந்தச் சூப்பர் மார்க்கெட்டின் பின்கதவு திறந்துவிட்டது. சுமை இறக்கும் ஏழுமலை லாரியிலிருந்து சர்க்கரை மூட்டையை முதுகில் வாங்கி உள்ளே போட்டான். தரை அதிர்ந்தது. கிறிஸ்டினா மூட்டையின் வாயைப் பிரித்து, அள்ளி, நிறுத்து, கிலோ பாக்கெட்டாக ஒட்டத் தொடங்கினாள். சாக்குத் தூசி மூக்கில் ஏறியது. பாக்கெட் ஒட்டும் மிஷின் சுட்டுச் சுட்டு விரல் நுனியெல்லாம் காய்ப்பு. எல்லாம் நின்றபடியேதான். உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி மோகன்ராஜ் வாங்கிப் போட்ட ஸ்டூல்கள், மாடியில் அட்டைப்பெட்டிகளைத் தாங்கிக்கொண்டிருந்தன. பெட்டிக்குக் கிடைத்த மரியாதை பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

கடைக்கு ஒரே ஒரு டோக்கன். பிளாஸ்டிக் வில்லை. அது கையில் இருந்தால்தான் சாப்பிடவோ, தண்ணீர் குடிக்கவோ, கழிப்பறைக்கோ போக முடியும். ஒருத்தி திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். கிறிஸ்டினாவுக்குச் சர்க்கரை வியாதி. கடையில் மாத்திரை விழுங்கத் தண்ணீருக்கும் டோக்கன் வேண்டும் என்பதால், எளாவூரில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிவிடுவாள். காலை நாஷ்டாவைக் கடைக்கு வந்துதான் சாப்பிடுவாள். முதல் டோக்கன் கிறிஸ்டினா அக்காவுக்கு என்பது பெண்கள் தமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.

அன்று பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனி ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிந்தார்கள். மோகன்ராஜ் டோக்கனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கூட்டம் கொறையட்டும். ஒரு வேளை துன்னலன்னா செத்தா பூடுவீங்க?"

பில் போடும் ஹேமாவதிக்குப் பொறுக்கவில்லை. "சார், கிறிஸ்டினா அக்கா மட்டும் போய்னு வரட்டும். மாத்திரை போட்டுக்கினு வெறும் வயித்தோட நிக்குது."

"அதுக்கு நீ இன்னா வக்கீலா? மிஷினப் பாரும்மா."

ஹேமாவதி மிஷினைப் பார்த்தாள். அவள் புருஷன் வேலை செய்த கம்பெனி மூடியபிறகு வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடிக்கொண்டது அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

கிறிஸ்டினாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கி உடம்பு உதறியது. குப்பென்று வியர்த்தது. முழங்கை வரை சர்க்கரை ஒட்டியிருந்தது. ஒரு சிட்டிகை வாயில் போட்டால் போதும். ஆனால் தலைக்கு மேலே கேமரா. கடைச் சரக்கை வாயில் வைத்தால் திருட்டு. தீபாவளி சமயத்தில் உடைந்த பிஸ்கட் ஒன்றைத் தின்ற பெண்ணை, வாசலில் வாடிக்கையாளர்கள் பார்க்க நிறுத்திவைத்துத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். திருடி என்ற பேரைவிட மயக்கம் மேல் என்று நினைத்தாளோ என்னவோ, கிறிஸ்டினா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அடுத்த பாக்கெட்டை எடுக்கும்போது அப்படியே சரிந்தாள்.

ஹேமாவதி பில்லை விட்டு ஓடினாள். ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, சர்க்கரையை எடுத்து அவள் கன்னத்தின் உட்புறம் தேய்த்தாள். "அக்கா, முழுங்குக்கா! கண்ணத் தொற!" ஏழுமலை கிறிஸ்டினாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

"பாக்கெட்ட யாரக் கேட்டுப் பிரிச்ச?" என்றார் மோகன்ராஜ்.

"உசுரு போய்க்கினு இருந்துது சார்."

"சீக்காளிய வச்சிக்கினு நான் கடை நடத்த முடியாது. இனிமே அது வர வேணாம்னு சொல்லிடு. நீ போய் பில்லப் போடு."

பசியில் விழுந்தவளுக்கு வேலையும் இல்லை. ஹேமாவதி கவுண்டர் பக்கம் போகவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து, கிறிஸ்டினா விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திறந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"சாப்புடறேன் சார்."

யாரும் நகரவில்லை. பில்லுக்கு நின்ற ஜனம் முணுமுணுத்தது. ஹேமாவதிக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் நெஞ்சில் வந்து அடைத்தன. தப்புப் பண்ணிவிட்டோம், எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினாள். அப்போது பருப்புப் பக்கம் நின்ற வினோதா டப்பாவோடு வந்து அவள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எண்ணெய்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர். பிறகு எல்லாரும்.

"பொன்னேரியில இருக்கற என் இன்னொரு கடையிலேர்ந்து ஆள இட்டாந்து நிறுத்திடுவேன். நாளைக்கு ஒருத்தியும் உள்ள வர முடியாது!"

மோகன்ராஜ் சொன்னால் செய்யக்கூடியவர். அது எல்லாருக்கும் தெரியும்.

"அக்காவ வேலையில வச்சிக்கங்க. எல்லாத்துக்கும் சோறு துன்ன நேரம் குடுங்க. எந்திரிக்கிறோம்" என்றாள் ஹேமாவதி.

மோகன்ராஜ் பொன்னேரிக்குப் பேசப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பியபோது ஏழுமலையும் உள்ளே வந்தான்.

"கண்ணு முழிச்சிட்சு. பெட்ல சேத்துக்கினாங்க. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்றாங்க."

"அந்தக் கதையெல்லாம் அப்புறம். எண்ணெ வண்டி வந்து நிக்குது பாரு, போய் எறக்கு" என்றார் மோகன்ராஜ்.

ஏழுமலை கடை ஆள் இல்லை, சுமை இறக்கும் கான்ட்ராக்டரின் ஆள். டோக்கன் கணக்கில் அவன் கிடையாது. இந்தச் சண்டையில் அவனுக்கு லாபம் ஒன்றுமில்லை, இழப்பதற்குக் கூலி மட்டும் உண்டு. வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தான். தரையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தான். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறி, தரையில் விரித்தான்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காரும்மா" என்றான்.

ஹேமாவதி தள்ளி உட்கார்ந்து, டப்பா மூடியில் பாதிச் சோற்றை வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். அதன்பிறகுதான் அவளுக்கு முதல் கவளம் உள்ளே இறங்கியது.